பச்சைப் பூச்சு

1

சிங்கப்பூரின் சுங்கை ரோடு சந்தை 2017 ஜூலை 10ஆம் தேதியோடு மூடப்பட்டது. 1930களிலிருந்து நடந்துவந்த சந்தை. திருட்டுச் சந்தை என்றும் அதற்கு ஒரு பெயர் உண்டு. மூடப்போகிறார்கள் என்று தெரிந்ததும் கடைசிச் சில வாரங்கள் அங்கே கூட்டம் அலைமோதியது. அதுவரை எட்டிப் பார்க்காதவர்கள் எல்லாம் கேமராவோடு வந்தார்கள். நானும் அப்படிப் போனவன்தான். என்னிடம் கேமரா இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

தார்ப்பாயில் பரப்பிக் கிடந்தவை நின்றுபோன கைக்கடிகாரங்கள், மின்கம்பி அறுந்த இஸ்திரிப் பெட்டிகள், யாருடைய வீட்டிலோ மாட்டியிருந்த கல்யாணப் படம். அவற்றுக்கு நடுவில் ஓர் அட்டைப்பெட்டி. பெட்டிக்குள் நான்கு பெரிய ரப்பர் சக்கரங்கள் வானத்தைப் பார்த்தபடி இருந்தன. தூக்கிப் பார்த்தேன். அமெரிக்க ஃபோர்டு பிக்கப் வண்டியின் உருவம், முக்கால் கிலோ தேறும். முன்பக்க பம்பர் பாதி இல்லை. கூரையைத் தாங்கும் தூண்களில் ஒன்று உடைந்து, மீன்பிடி நரம்பால் சுற்றிக் கட்டப்பட்டிருந்தது. வண்டி முழுக்கப் பச்சை. வீட்டு கேட்டுக்கு அடிக்கிற மாதிரியான கெட்டிப் பச்சை. தூரிகையின் மயிர்கள் இரண்டு மூன்று பூச்சுக்குள்ளேயே சிக்கிக் காய்ந்திருந்தன.

"எங்க கிடைச்சது அங்கிள்?" என்று கேட்டேன். கடைக்காரர் தோளைக் குலுக்கினார். யாரோ வீடு காலி செய்தார்கள், அதில் வந்தது என்பதற்கு மேல் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. அறுபது வெள்ளி கேட்டார். நாற்பதுக்கு முடித்தோம்.

அந்த வண்டி என்ன என்று எனக்குத் தெரியும். அதன் படத்தைப் பல இரவுகள் திரையில் பார்த்திருக்கிறேன். அது டமியா நிறுவனத்தின் ‘பிளாக்ஃபுட்’. 1986இல் வந்தது.

2

ஜப்பானின் ஷிசுவோகா நகரத்து நிறுவனம் டமியா. பிளாஸ்டிக் மாதிரிகள் செய்துகொண்டிருந்தவர்கள் 1976இல் போர்ஷே 934 காரை ரேடியோவால் இயக்கும் வண்டியாக வெளியிட்டார்கள். 1979இல் மணலில் ஓடும் வண்டிகள் வந்தன. அமெரிக்காவில் பாப் சாண்ட்லர் என்பவர் தன் ஃபோர்டு பிக்கப்புக்கு ராட்சதச் சக்கரங்கள் மாட்டி, ‘பிக்ஃபுட்’ என்று பெயரிட்டு, 1981இல் பழைய கார்களின் மேல் ஏற்றி நசுக்கிக் காட்டினார். அதிலிருந்து கிளம்பியது மான்ஸ்டர் ட்ரக் மோகம். பிளாக்ஃபுட் அந்த மோகத்தின் பொம்மை வடிவம்.

பொம்மை என்று சொல்வதுகூடச் சரியில்லை. டமியா வண்டிகள் அன்று பெரும்பாலும் கிட்டாகத்தான் வரும். பெட்டியைத் திறந்தால் வண்டி இருக்காது. பற்சக்கரங்கள், திருகுகள், ஒரு மோட்டார், ஒரு கையேடு ஆகியவைதான் இருக்கும். வண்டியின் மேல்கூட்டுக்கு வண்ணம் அடிப்பதும் வாங்கியவர் வேலை. பெட்டியின் மேல் ஓர் அழகான படம் இருக்கும். அது யோசனை மட்டுமே, கட்டளை அல்ல. முப்பது வருஷம் கழித்து இந்த வண்டிகளைத் தேடி வாங்கிச் சரிசெய்கிறவர்கள் மட்டும் அந்தப் படத்தைக் கட்டளையாக எடுத்துக்கொள்வார்கள். பெட்டிப் படத்தில் உள்ள நிறம், அதில் உள்ள இடத்தில் அதே ஸ்டிக்கர்கள். அப்படி முடித்தால்தான் சரிசெய்தது நிறைவு என்று ஒரு எழுதாத சட்டம் உண்டு.

நானும் அந்தச் சட்டத்தோடுதான் வண்டியை மேசைமேல் வைத்தேன்.

3

கழற்றத் தொடங்கும்போது முதல் பாடம் திருகாணியில். ஜப்பானியத் திருகுகளின் தலையில் இருக்கும் கூட்டல் குறி, நம் கையில் சாதாரணமாக இருக்கும் பிலிப்ஸ் திருப்புளிக்கு முழுதாகப் பொருந்தாது. அவர்களுக்கென்று தனித் தரம் இருக்கிறது. தெரியாமல் அழுத்தித் திருப்பினால் திருப்புளி வழுக்கி, தலை மழுங்கிவிடும். இந்த வண்டியின் திருகுகளில் பாதி அப்படி மழுங்கியிருந்தன. எனக்கு முன்னால் யாரோ அவசரமாக, தப்பான திருப்புளியோடு, பலமுறை இதைத் திறந்து மூடியிருக்கிறார்கள்.

அப்புறம் மணல். சட்டகத்தின் ஒவ்வொரு மூலையிலும் மணல். அதில் வெள்ளையாகச் சிப்பித் துணுக்குகள். ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையாக இருக்கலாம். பின் அச்சில் காய்ந்த புல்லும் ஒரு நீள நூலும் இறுக்கமாகச் சுற்றியிருந்தன. கியர் பெட்டிக்குள் கிரீஸ் கறுத்து மெழுகு மாதிரி கெட்டிப்பட்டிருந்தது. வேகத்தைக் கட்டுப்படுத்தும் பகுதி இன்று இருப்பதுபோல மின்னணுச் சில்லு அல்ல. ஒரு சிறிய சர்வோ, தாமிரத் தகடுகள்மேல் ஒரு கையை நகர்த்தும். மெதுவாகப் போக வேண்டுமென்றால் மின்சாரத்தின் ஒரு பகுதி ரெசிஸ்டரில் சூடாக வீணாகும். அந்த ரெசிஸ்டரின் கம்பி ஒருமுறை அறுந்து, பிறகு யாரோ நேர்த்தியாகப் பற்றவைத்திருந்தார்கள். பளபளப்பான, அளவான ஈயப் பொட்டு. அது ஒரு பெரியவரின் கை. மீன்பிடி நரம்பால் தூணைக் கட்டிய கையும் அதுவும் ஒன்றாக இருக்க வாய்ப்பில்லை என்று எனக்குப் பட்டது.

ரிசீவரில் ஒரு சிறிய கிரிஸ்டல், மஞ்சள் அடையாளத்தோடு. அந்தக் காலத்தில் 27 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் ஆறு அலைவரிசைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். ஒரே மைதானத்தில் இரண்டு பிள்ளைகள் மஞ்சளோடு வந்தால் ஒருவன் ஓட்டும்போது மற்றவன் சும்மா நிற்க வேண்டும். இல்லாவிட்டால் ஒருவன் திருப்ப, மற்றவன் வண்டி திரும்பும்.

மேல்கூட்டைக் கழற்றித் திருப்பினேன். உட்புறத்தில், கறுப்பு மார்க்கரில், ஆங்கிலத்தில் ஒரு பெயர். கீழே வகுப்பு, புளோக் எண், 1988. எழுத்துகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு நின்றன. அந்தப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை.

இதையெல்லாம் கையில் எடுத்துப் பார்த்தபோது ஒரு சின்ன சந்தோஷம் இருந்தது. துப்பறிவாளனின் சந்தோஷம். ஒரு பத்துப் பன்னிரண்டு வயதுப் பையன், கடற்கரை, கூடவே நிதானமான கை உள்ள அப்பாவோ மாமாவோ. பச்சை வண்ணம் பையனின் வேலை என்று முடிவுகட்டிவிட்டேன். அவ்வளவு மோசமாக வேறு யார் அடிப்பார்கள்?

4

இந்த வண்டிகளில் பல வருஷம் ஊறிய ஒருவர் எனக்குப் பழக்கம். சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவர், அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். படங்களை அனுப்பினேன்.

"ஐப்பிஏ-ல ரெண்டு நாள் ஊறப் போடுங்க தம்பி. அப்படியே தோல் மாதிரி உரிஞ்சு வரும். அசிட்டோன் பக்கம் போயிடாதீங்க, பிளாஸ்டிக்கே கரைஞ்சிடும்."

"உள்ளே பேர் எழுதியிருக்குண்ணே."

"அது பாட்டுக்கு உள்ள இருக்கட்டும், யார் பாக்கப்போறா? வெளியத்தான் சுத்தம் பண்ணணும். அந்தப் பச்சையோட யாரும் வச்சிருக்க மாட்டாங்க."

பெயர் இருந்த இடத்தை மட்டும் திரவம் படாமல் பிளாஸ்டிக் தாளால் மூடி ஒட்டினேன். ஒரு தொட்டியில் ஐசோப்ரொபைல் ஆல்கஹாலை ஊற்றிக் கூட்டை மூழ்கவைத்தேன். இரண்டாம் நாள் மாலை பச்சை சுருண்டு சுருண்டு எழுந்தது. பழைய பல் துலக்கியால் தேய்த்தேன். பச்சைக்குக் கீழே பிளாஸ்டிக் வரும் என்று எதிர்பார்த்தேன். கறுப்பு வந்தது.

பச்சைக்கு அடியில் இன்னொரு பூச்சு இருந்தது. மெல்லியது, சீரானது, கேனிலிருந்து தெளித்தது. கதவு ஓரத்தில் ஒரு வெள்ளைக்கோடு, ஒட்டுத்தாள் வைத்து நேராக அடித்தது. யாரோ பொறுமையாக, கையேட்டைப் படித்து, காயவிட்டு காயவிட்டு அடித்திருக்கிறார்கள். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் கறுப்பும் இளகி, பச்சையோடு கலந்து, தொட்டியின் அடியில் சேறாகப் படிந்தது. வெளியே எடுத்து நிறுத்தலாம் என்று தோன்றுவதற்குள் பாதி போய்விட்டது. மிச்சத்தையும் தேய்த்தேன். பாதியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அன்று இரவு வெறும் கூடு மேசைமேல் இருந்தது. சுத்தமாக, தொழிற்சாலையிலிருந்து வந்த மாதிரி. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இதற்குப் போய் ஏன் என்று மனைவி கேட்டாள். அவள் கேட்டது நியாயம். நாற்பது வெள்ளி வண்டி, பழைய பெயின்ட். எனக்கே பதில் சொல்லத் தெரியவில்லை. இந்தக் கட்டுரை அந்தப் பதிலைத் தேடியதுதான்.

5

தீசியஸின் கப்பல் கதை பலருக்கும் தெரிந்திருக்கும். புளூட்டார்க் எழுதியது. ஏதென்ஸ்காரர்கள் தீசியஸின் கப்பலைப் பாதுகாத்தார்கள். உளுத்துப்போன பலகைகளை எடுத்துவிட்டுப் புதுப் பலகைகள் பொருத்திக்கொண்டே வந்தார்கள். அது அதே கப்பலா, வேறு கப்பலா? 1655இல் தாமஸ் ஹாப்ஸ் இதில் ஒரு திருகலைச் சேர்த்தார். கழற்றிய பழைய பலகைகளை ஒருவன் சேர்த்துவைத்து, அதே வரிசையில் இன்னொரு கப்பல் கட்டினால், எது தீசியஸின் கப்பல்?

எனக்கு இது வெறும் புதிர் அல்ல. டமியா 2016இல் பிளாக்ஃபுட்டை மறுபடி வெளியிட்டது. அதனால் பல உதிரிப் பாகங்கள் புதிதாகவே கிடைக்கின்றன. நான் டயர், பம்பர், பற்சக்கரங்கள், பின் அச்சுத் தண்டுகள் எல்லாவற்றையும் மாற்றினேன். பழைய நிக்கல் காட்மியம் பேட்டரி இருந்த இடத்தில் வேறு வகை பேட்டரி. ரிசீவர் போய் 2.4 கிகாஹெர்ட்ஸில் புதியது. கழற்றியவை எல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் சேர்ந்தன. ஒருநாள் டின்னைக் குலுக்கிப் பார்த்தபோது ஹாப்ஸ் சொன்ன இரண்டாவது கப்பல் அதற்குள் கிடக்கிறது என்று தோன்றியது. 1988இல் கடற்கரையில் ஓடியது டின்னில் இருப்பதா, மேசையில் இருப்பதா?

ஆனால் கவனித்தால், டயரை மாற்றியபோது எனக்கு உறுத்தவில்லை. பற்சக்கரத்தை மாற்றியபோதும் இல்லை. அவற்றிலும் அந்தப் பையனின் மாலைநேரங்கள் இருந்தனதானே? தேய்ந்த பல் ஒவ்வொன்றும் அவன் ஓட்டியதால் தேய்ந்தது. அப்படியானால் வண்ணத்தில் மட்டும் என்ன குற்றவுணர்வு?

அப்போது நான் எனக்குச் சொல்லிக்கொண்ட விளக்கம் இது. தேய்மானம் யாரும் நினைத்துச் செய்வதில்லை, அது நடந்துவிடுகிறது. வண்ணம் ஒருவர் நினைத்துச் செய்வது. தேய்ந்த பல் பழுது, பச்சை வண்ணம் செயல். பழுதை நீக்கலாம், ஒருவரின் செயலை நீக்க எனக்கு உரிமை இல்லை. கிட்டாக வந்த வண்டியில் வண்ணம் அடித்தவன் அதன் பாதி ஆசிரியன். பெட்டிப் படம்தான் ‘அசல்’ என்று சொல்வது, அந்தப் படத்தில் இருக்கும் எப்போதுமே ஓடாத ஒரு வண்டிக்காக, உண்மையில் ஓடிய வண்டியை அழிப்பது.

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் இதே சண்டை தேவாலயங்களைப் பற்றி நடந்தது. நோத்ர்தாமைப் புதுப்பித்த வியோலே-ல்-துக், சீரமைப்பது என்றால் கட்டடத்தை ஒரு முழுமையான நிலைக்குக் கொண்டுவருவது, அந்த நிலை வரலாற்றில் எப்போதுமே இல்லாததாகக்கூட இருக்கலாம் என்று நினைத்தவர். பெட்டிப் படக்காரர்களின் முன்னோடி. ஜான் ரஸ்கின் 1849இல் எழுதிய நூலில் நேரெதிராக நின்றார். அவருக்குச் சீரமைப்பு என்பதே அழிப்புதான். அன்றாடம் பராமரி, முட்டுக்கொடு, ஆனால் போனதைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டதாகப் பொய் சொல்லாதே என்பது அவர் தரப்பு. நமக்கு இது தூரத்துச் சண்டை அல்ல. திருப்பணி என்ற பெயரில் மணலைப் பீய்ச்சிக் கோயில் கற்களைப் ‘பளிச்’சென்று ஆக்கியபோது கல்வெட்டு எழுத்துகளும் சேர்ந்து தேய்ந்ததைப் பற்றி நாம் கோபப்பட்டிருக்கிறோம். நானும் முகநூலில் கோபப்பட்டவன். பல் துலக்கியோடு தொட்டிமுன் உட்கார்ந்திருந்தபோது அது ஞாபகம் வரவில்லை.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி சொன்னவர் இத்தாலியரான சேசரே பிராண்டி. ரோமில் 1939இல் தொடங்கிய மறுசீரமைப்பு நிறுவனத்தின் முதல் இயக்குநர். ஓவியத்தில் ஒரு துண்டு உதிர்ந்துவிட்டால் அந்த இடத்தை மெல்லிய செங்குத்துக் கோடுகளால் நிரப்புவார்கள். தள்ளி நின்று பார்த்தால் ஓவியம் முழுமையாகத் தெரியும். கிட்டே போனால் எது பழையது, எது நாம் நிரப்பியது என்று கோடுகள் காட்டிக்கொடுக்கும். பார்க்கிறவனை ஏமாற்றாத ஒட்டு. இதோடு சேர்த்து இன்றைய பாதுகாப்பாளர்கள் இன்னொரு விதியையும் வைத்திருக்கிறார்கள்: நீ செய்வது எதுவானாலும், முடிந்தவரை நாளை ஒருவர் அதைத் திருப்பி எடுக்கக்கூடியதாக இருக்கட்டும்.

நான் மாற்றிய பாகங்களின் உட்புறத்தில் சிறிதாக வருஷத்தைப் பொறித்தேன். 2017. பிஸ்கட் டின்னைத் தூக்கிப் போடவில்லை. அதெல்லாம் சரி. ஆனால் வண்ணம் திரும்பாது. இனி மூன்று வழிதான். பெட்டிப் படத்தின்படி அடிக்கலாம், அது நான் செய்ததற்குப் பரிசு கொடுப்பது. கைப்பேசியில் இருந்த படத்தைப் பார்த்து அதே கெட்டிப் பச்சையை அதே மாதிரி மோசமாக அடிக்கலாம், அது ஒரு குழந்தையின் கையெழுத்தைப் போலியாகப் போடுவது. அல்லது ஒன்றும் செய்யாமல் இருக்கலாம். கூட்டை அலமாரியில் வெறுமனே வைத்தேன். இரண்டு வருஷம் அப்படியே இருந்தது.

6

இந்த இடத்தில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். உள்ளே பெயர் இருந்தது. புளோக் எண் இருந்தது. அடிக்கடி காதில் விழும் பெயரும் இல்லை. தேடினால் கிடைக்கக்கூடிய ஆள். முதல் வாரமே பெயரைத் தேடுபெட்டியில் தட்டினேன். என்டரை அழுத்தாமல் அழித்தேன்.

ஏன் என்று அப்போது கேட்டிருந்தால் ‘அடுத்தவர் விஷயத்தில் எதற்குத் தலையிடுவது’ என்று சொல்லியிருப்பேன். உண்மை அதுவல்ல. ஆள் கிடைத்துவிட்டால் வண்டியைத் திருப்பிக் கொடுக்க வேண்டிவருமோ என்று பயந்தேன். சட்டப்படி வண்டி என்னுடையது, காசு கொடுத்து வாங்கினேன். ஆனால் எனக்குள் யாரோ அதை அப்படிப் பார்க்கவில்லை.

நான் வளர்ந்த ஊரில் இந்த வண்டி யாரிடமும் இருந்ததில்லை. எங்களுக்கு வண்டி என்றால் நுங்கு வண்டி. சாப்பிட்டுப் போட்ட இரண்டு நுங்குக் கூந்தலை ஒரு குச்சியால் இணைத்து, கவட்டைக் கம்பால் தள்ளிக்கொண்டு ஓடுவோம். சில நாளில் காய்ந்து வற்றிவிடும், தூக்கிப்போட்டுவிட்டு அடுத்ததைச் செய்வோம். எந்த நுங்கு வண்டியையும் யாரும் பழுதுபார்த்ததில்லை. அது அதே வண்டிதானா என்ற கேள்வியே எழாது. வண்டி அந்தச் சக்கரங்களில் இல்லை, செய்யத் தெரிந்த கையில் இருந்தது. ஜப்பானின் இசே கோவிலை இருபது வருஷத்துக்கு ஒருமுறை பக்கத்து மனையில் புதிதாகக் கட்டுகிறார்கள் என்று படித்தபோது எனக்குப் புரிவதில் சிரமமே இருக்கவில்லை.

பிறகு எப்படி நான் பிளாக்ஃபுட்டுக்காக ஏங்கினேன்? வேலைக்கு வந்த ஊரில் என் வயதுக்காரர்கள் தங்கள் சின்ன வயதைப் பற்றிப் பேசும்போது இந்த வண்டிகள் வந்தன. கேட்டுக் கேட்டு அது என் ஞாபகமாகவே ஆகிவிட்டது. மீட்டெடுக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு நான் செய்தது, எனக்கு இல்லாத ஒரு பால்யத்தை நாற்பது வெள்ளிக்கு வாங்கியது. அந்தப் பால்யத்துக்கு ஏற்கெனவே ஓர் உரிமையாளன் இருந்தான், பெயர் எழுதிவைத்திருந்தான். பச்சையை உரித்ததில் அண்ணனின் யோசனைக்குப் பங்கு உண்டுதான். ஆனால் அதைவிட, வண்டி யாருடையதாகவும் இல்லாமல் ஆக வேண்டும் என்ற அவசரம் எனக்கு இருந்தது. யாருடையதும் இல்லை என்றால்தானே அது என்னுடையது.

எனக்கு அன்று சாப்பாடு இறங்காததற்குக் காரணம் இதுதான் என்று இப்போது நினைக்கிறேன்.

7

2019இல் ஒருநாள் என் மகள் கேட்டாள். அப்போது அவளுக்கு எட்டு வயது.

"அப்பா, இது ஏன் கலரே இல்லாம இருக்கு?"

"யாரோ அடிச்சிருந்தாங்க. நான் எடுத்துட்டேன்."

"அவங்ககிட்ட கேட்டீங்களா?"

"அவங்க யாருன்னே தெரியாதே."

அவள் கூட்டைத் திருப்பிப் பார்த்தாள். "உள்ளதான் பேர் எழுதியிருக்கே."

அன்று இரவு தேடினேன். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. அதே பெயர், பொருந்துகிற வயது, வேலை சம்பந்தமான ஒரு தளத்தில். உட்புறத்துப் படத்தை இணைத்து, இது உங்களுடையதா, வேண்டுமென்றால் தருகிறேன் என்று எழுதினேன். ‘தருகிறேன்’ என்பதைத் தட்டும்போது கை தயங்கியது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மூன்றாம் நாள் பதில் வந்தது. ஆமாம், என்னுடையதுதான் என்று தொடங்கியிருந்தார். அம்மா வீட்டைக் காலி செய்தபோது போயிருக்கும். வண்டி வேண்டாம், வைக்க இடமில்லை. ஓடுகிறதா?

ஓடுகிறது என்று எழுதினேன். பிறகு மன்னிப்பும் கேட்டேன்: நீங்கள் சின்ன வயதில் அடித்த பச்சை வண்ணத்தை நான் உரித்துவிட்டேன்.

அவர் சிரிப்பு முகங்களாக அனுப்பினார். அந்தப் பச்சை அவர் அடித்தது இல்லையாம். கறுப்புதான் அவர் அடித்தது, தன் கைக்காசில் கேன் வாங்கி, ஒரு வாரம் செலவழித்து. ஒரு மழைநாளில் வண்டி சுவரில் மோதி நீளமாகக் கீறல் விழுந்துவிட்டது. பையன் அழுதிருக்கிறான். மறுநாள் அவன் பள்ளிக்கூடம் போயிருந்த நேரத்தில் அப்பா, வீட்டிலிருந்த மிச்ச பெயின்டை எடுத்து, கீறல் தெரியாமல் இருக்க வண்டி முழுவதும் பூசிவைத்துவிட்டார். சாயங்காலம் வந்து பார்த்த பையன் ஒரு வாரம் அப்பாவோடு பேசவில்லை.

கடைசியாக ஒன்று கேட்டிருந்தார். உரிப்பதற்கு முன்னால் எடுத்த படம் இருக்கிறதா? பச்சையோடு? அப்பா போன வருஷம் இறந்துவிட்டார்.

8

எவ்வளவு தப்பாகப் படித்திருந்தேன் என்று யோசித்தேன். கோணல்மாணலான பச்சை குழந்தையின் கை, சீரான கறுப்பு பெரியவரின் கை என்று நினைத்தது நேர்மாறு. நிதானமான ஈயப் பற்று? அது அப்பாவா, அவனேவா? கேட்கவில்லை. தடயங்களை மதிக்கிறேன் என்று நான் எழுப்பிய தத்துவம் எல்லாம் நானே எழுதிய ஒரு கதைமேல் நின்றிருந்தது. தடயம் தானாகப் பேசாது. அதைப் பேசவைக்கிற நாம் நமக்குப் பிடித்ததைத்தான் பேசவைக்கிறோம்.

நினைத்துச் செய்தது, தானாக நடந்தது என்று நான் பிரித்ததும் நிற்கவில்லை. அப்பாவின் பச்சை ஒரு செயல்தான், அதுவும் அன்பான செயல். ஆனால் அது பையனின் செயலை அழித்த செயல். ஒருவகையில் நான் தொட்டியில் செய்ததை அவர் முப்பது வருஷம் முன்னால் தூரிகையால் செய்திருக்கிறார். அவரும் சீரமைத்தார். அவரும் கேட்கவில்லை. 1988இல் யாராவது வந்து அந்தப் பச்சையை உரித்திருந்தால் பையன் அவரைக் கட்டிப்பிடித்திருப்பான். 2019இல் அதே மனிதர் அந்தப் பச்சையின் ஒரு படத்தைக் கேட்கிறார். பச்சைக்கு என்ன மதிப்பு என்பது பச்சையில் இல்லை, யார் எந்த வருஷம் நின்று பார்க்கிறார் என்பதில் இருக்கிறது.

அப்படியென்றால் எதைச் செய்தாலும் ஒன்றுதானா? நான் அப்படி நினைக்கவில்லை. ஒரு தடத்தின் மதிப்பு இன்னும் முடிவாகவில்லை, யாருக்கு எப்போது அது தேவைப்படும் என்று தெரியாது என்பதால்தான் திருப்பி எடுக்கக்கூடியதாகச் செய் என்ற அந்த விதி முக்கியமாகிறது. அது கலைப்பொருள்களுக்கான தொழில்நுட்ப விதி என்று நினைத்திருந்தேன். அது ஓர் அடக்கம். நான் இந்தப் பொருளின் கடைசி ஆள் இல்லை, எனக்குத் தெரிந்தது முழுக்கதை இல்லை என்று ஏற்றுக்கொள்வது. இன்னொன்று, அதைவிட எளிமையானது: கேட்க முடிகிற இடத்தில் கேட்பது. இரண்டு வருஷம் நான் ரஸ்கினையும் பிராண்டியையும் கேட்டுக்கொண்டிருந்தேன். கேட்க வேண்டியவரின் பெயர் கூட்டின் உள்ளேயே எழுதியிருந்தது. எட்டு வயதுப் பிள்ளைக்கு அது முதல் கேள்வியாக வந்தது.

படத்தை அனுப்பினேன். சந்தையில், பெட்டிக்குள் இருந்தபோது எடுத்த ஒரே படம், வெளிச்சம் குறைவு. போதும் என்று எழுதினார். உங்கள் மகள் ஓட்டட்டும் என்றும் எழுதினார்.

வண்ணம் அடிக்கும் பொறுப்பை மகளிடம் கொடுத்தேன். மஞ்சள் தேர்ந்தெடுத்தாள். வேலை தொடங்கும் முன் கூட்டைக் கழுவித் துடைத்தபோது, முன் சக்கரத்துக்கு மேலே உள்ள வளைவின் உள்விளிம்பில், பல் துலக்கி எட்டாத ஓர் இடுக்கில், நகக்கண் அளவுக்குப் பச்சை ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். அதன் ஓரத்தில் முடியளவு கறுப்பு.

"இந்த இடத்துல மட்டும் அடிக்காதே" என்றேன்.

"ஏன்?"

முழுக்கதையையும் சொன்னேன். கேட்டுவிட்டு அந்த இடத்தில் ஒட்டுத்தாளை ஒட்டினாள். பிறகு மஞ்சளைக் கெட்டியாகத் தோய்த்து, தூரிகை மயிர் உதிர உதிர, அடிக்க ஆரம்பித்தாள். திட்டுத்திட்டாக வந்தது. ஒரு வார்த்தை சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை ஈஸ்ட் கோஸ்ட்டில் ஓட்டினோம். வீட்டுக்கு வந்து கழற்றிப் பார்த்தால் சட்டகம் முழுக்க மறுபடியும் மணல்.